எதிர்வீட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி

என் மனைவி திரைச்சீலை மாட்டுகிறேன் என்று ஸ்டூல் மேல் ஏறி, ஸ்டூல் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்ததில் எங்கள் வீட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி வந்தது. எலும்பு கூடி, அவள் எழுந்து நடந்து, பழையபடி என்னை விரட்ட ஆரம்பித்த பிறகும் நாற்காலி போகவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, காய்ந்த துணிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து, "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

"ஏங்க, இந்தச் சனியனை வித்துத் தொலைங்க. பாக்கறப்பல்லாம் எனக்குக் கால் வலிக்குது" என்றாள்.

நான் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறவன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, "அடுத்து நீங்கதான்" என்று பொய் சொல்வது என் தொழில். விற்கிறது, வாங்குகிறது எல்லாம் நமக்கு வராது. என் மச்சினன்தான் ஃபோனில் ஒரு ஏலத் தளத்தைத் திறந்து காட்டினான். "ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க மாமா. உலகமே போட்டி போடும்" என்றான்.

உலகத்தில் இரண்டு பேர் போட்டி போட்டார்கள். அதில் ஒருவன் என் மச்சினன். இன்னொருவர் ஜெயித்தார். உடனே ஃபோனில் ஒரு செய்தி வந்தது: "வாழ்த்துகள்! உங்கள் பொருளை ஒருவர் நேசிக்கிறார். அவர் யார் என்பதை உங்களுக்குச் சொல்ல மாட்டோம். பொருளை எங்கள் பத்திரப் பயண நிலையத்தில் ஒப்படையுங்கள். நீங்களாக யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் உங்கள் கணக்கும் அவர் கணக்கும் முடக்கப்படும், பொருள் பறிமுதல் செய்யப்படும். அன்புடன்."

அந்த 'அன்புடன்' என்கிற வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்திரப் பயண நிலையம், அதாவது அந்தத் தளத்தின் பார்சல் ஆபீஸ், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நாற்காலியை ஜாலியாகத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"வண்டியை வெளியே நிறுத்துங்க சார்."

"வண்டி இல்லைங்க. நாற்காலி."

"சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"உருளுதா?"

"நல்லா உருளுது."

"அப்ப வண்டிதான். தானா உருளுற எதையும் பார்சல்னு உள்ள விடக்கூடாது. ஒரு தடவை குழந்தையைத் தள்ளுற வண்டி ஒண்ணு தானா உருண்டுபோய் மேனேஜர் கால்ல ஏறிடுச்சு. அன்னையிலருந்து இதான் ரூல்."

எதிரே டயர் கடையில் ஸ்பேனர் இரவல் வாங்கி, நடைபாதையில் உட்கார்ந்து சக்கரங்களைக் கழற்றினேன். போகிறவர் ஒருவர் என் பக்கத்தில் சில்லறை போட்டுவிட்டுப் போனார். சக்கரங்களை ஒரு பையில் போட்டு, நாற்காலியைக் குழந்தைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். காவலாளி சல்யூட் அடித்தார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சக்கர நாற்காலின்னு போட்டிருக்கீங்க. சக்கரம் எங்க?"

"பையில இருக்கு மேடம்."

"பை வேற பொருள். அதை நீங்க ஏலத்துல போடலையே. இது வெறும் நாற்காலி. இல்லாத சக்கரத்தை இருக்குன்னு சொல்லி விக்கப் பாக்கறீங்க."

"சக்கரத்தோட வந்தா வாசல்ல விடமாட்டேங்கறார். சக்கரம் இல்லாம வந்தா நீங்க விடமாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்றது?"

"மேனேஜரைப் பாருங்க."

மேனேஜர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. சுவரில் அவருடைய படமே மாட்டியிருந்தது. 'சிறந்த நிலையம்' என்று எழுதியிருந்தது. நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, நியாயமான மனிதர் ஒருவர் தீர்ப்பு சொல்வதுபோலச் சொன்னார்:

"சக்கரம் நாற்காலி மேல உக்காரலாம். நாற்காலி சக்கரத்து மேல உக்காரக்கூடாது. அவ்வளவுதான் சார் விஷயம். சக்கரத்தைத் தூக்கி நாற்காலியில வச்சுக் கட்டுங்க."

கட்டினேன். டேப் ஒட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன். முடியுமா?

"இது உடையற பொருளா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்லைங்க. நல்ல இரும்பு. உடையவே உடையாது."

"அப்படியா? பாத்துடுவோமே."

இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலியை ஒரு உயரமான மேசை மேல் ஏற்றினார்கள். எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிவதற்குள் கீழே தள்ளினார்கள். டணார் என்று ஒரு சத்தம். கால் வைக்கிற தட்டு ஒன்று கோணிக்கொண்டது.

"பாத்தீங்களா? உடையாதுன்னு பொய் சொல்லிட்டீங்களே" என்றார் மேனேஜர் வருத்தத்தோடு.

"நீங்க கீழ தள்ளினதாலதானே கோணிச்சு!"

"நாங்க தள்ளலைன்னா இது உடையுமா உடையாதான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இப்ப தெரிஞ்சுபோச்சு. சார், ஒண்ணு புரிஞ்சுக்கங்க. பொருளை யார் வேணா அனுப்பலாம். கழுதை மேல ஏத்திக்கூட அனுப்பலாம். நாங்க பொருளை அனுப்பறதில்லை. நாங்க நம்பிக்கையை அனுப்பறோம்."

"அப்ப பொருள்?"

"அதுவும் சில சமயம் கூடவே போகும்."

அன்றிலிருந்து நானும் என் மனைவியும் அவரை 'நம்பிக்கை' என்றுதான் சொல்வோம்.

நம்பிக்கை தலையசைத்த பிறகு கவுன்ட்டர் பெண் விலாசச் சீட்டை அச்சடித்து நாற்காலியில் ஒட்டினார். ஒட்டும்போது என் கண்ணில் பட்டுவிட்டது. எங்கள் தெரு. எங்கள் வீட்டு எண்ணுக்கு நேர் எதிர் எண்.

"மேடம், இது எங்க எதிர்வீடு!" என்று கத்தியே விட்டேன்.

அவர் சட்டென்று சீட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. "பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"பாத்திருக்கக் கூடாது சார். வாங்கறவங்க விவரம் ரகசியம்."

மறுபடியும் நம்பிக்கையிடம் போனோம். நான் கெஞ்சினேன். "சார், சீட்டைக் கிழிச்சுப் போடுங்க. நான் அப்படியே தூக்கிட்டுப் போய் எதிர்ல வச்சுடறேன். ரோட்டைத் தாண்டினா வேலை முடிஞ்சுது."

"ரோட்டைத் தாண்டினா!" நம்பிக்கை எழுந்தே நின்றுவிட்டார். "அந்த ரோட்டுல லாரி வராதா? மழை பெய்யாதா? நாய் கடிக்காதா? எந்த இன்ஷூரன்ஸும் இல்லாம ஒரு பொருளை நடு ரோட்டுல தூக்கிட்டுப் போவேன்னு சொல்றீங்களே, உங்களுக்குப் பொறுப்பு இருக்கா? சீட்டு ஒட்டியாச்சு. இனிமே இது உங்களுது இல்லை, அவங்களுதும் இல்லை. பயணத்தோடது. ரத்து பண்ணினா விசாரணை வரும். விசாரணை முடியற வரைக்கும் நாற்காலி எங்க குடோன்லதான் இருக்கும். எது வசதி?"

விலாசத்தைப் பார்க்கவில்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். ஒரு பெண் காலையில் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போவாள், இருட்டினதும் வருவாள். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள்.

"நீங்க சக்கர நாற்காலி ஏலத்துல எடுத்தீங்களாம்மா?"

"ஆமா அங்கிள், எங்கப்பா பேர்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வித்தவன் நான்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எதிர்வீட்லயா இருந்தது! நான் எங்கேயோ தூரத்துலருந்து வருதுன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"கவலைப்படாதம்மா. இனிமே தூரத்துலருந்துதான் வரும்."

உள்ளே கட்டிலில் அவளுடைய அப்பா சாய்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டில் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே செத்துப்போனதுபோல் ஆகிவிட்டது. தோளும் கையும் மட்டும் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரியே திண்ணென்று இருந்தன. ஆஸ்பத்திரியில் நாற்காலி இருந்தது, ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி விடமாட்டார்களாம். கையில் இருந்ததை எல்லாம் ஏலத் தளத்தில் கட்டியாயிற்று. இன்னொன்று வாங்க வழியில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை இவளுக்குக் கல்யாணம் தம்பி" என்றார். "பதிவு ஆபீஸ்ல. சாட்சிக் கையெழுத்து நான் போடணும்."

"நாங்க தூக்கிட்டுப் போறோம் அண்ணே. நான் இருக்கேன், மாப்பிள்ளை இருக்கார்…"

"வேணாம்." அவர் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். என் பொண்ணு கல்யாணத்துல என்னை நாலு பேர் ஏத்தி இறக்க வேணாம். நானா உக்காந்து, நானா உள்ள போகணும். இல்லைன்னா நான் வரல. நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க."

அந்தப் பெண் சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுதது எங்கள் இருவருக்கும் கேட்டது. நாற்காலியைக் கையில் வைத்திருந்தவன், நிலையத்தில் கொண்டுபோய்த் தொலைத்தவன் நான்தானே.

மறுநாள் முதல் செய்தி வந்தது. "உங்கள் பொருள் உற்சாகமாகப் பயணத்தைத் தொடங்கிவிட்டது." எங்கே? நாட்டின் மறுமுனையில் இருக்கிற தலைமைக் குடோனுக்கு. எல்லாப் பொருளும் அங்கே போய்த் தலையைக் காட்டிவிட்டுத்தான் எங்கேயும் போகவேண்டுமாம். எதிர்வீட்டுக்குப் போகிற நாற்காலி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அடுத்து, "உங்கள் பொருள் துறைமுக நகரில் ஓய்வெடுக்கிறது" என்று வந்தது. அதற்கடுத்து, "உங்கள் பொருள் மலைப்பாதையைக் கடக்கிறது. வானிலை இதமாக உள்ளது."

அந்தப் பெண் அவற்றை எல்லாம் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். "பாத்தீங்களா தம்பி" என்பார் டிரைவர், "நான் பஸ் ஓட்டாத ரூட்டெல்லாம் என் நாற்காலி போயிட்டு வருது. நான்தான் இங்கயே கிடக்கேன்."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பத்திரப் பயணத்தின் வேன் எங்கள் தெருவுக்குள் வந்தது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவன், கையில் இருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வேன்காரர் டேப் சுற்றிய நாற்காலியை இறக்கி வைத்தார். என் வீட்டு வாசலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ரோடுதான் இருந்தது.

"வாங்கினவர் எங்கம்மா?"

"எங்கப்பாதான். உள்ள படுத்திருக்கார். நான் வாங்கிக்கறேன் அண்ணா."

"உங்க பேர்ல இல்லையே. அவர் வாசலுக்கு வந்து, பொருள் பக்கத்துல நின்னு ஒரு ஃபோட்டோ எடுக்கணும். 'மகிழ்ச்சியான பெறுநர்' ஃபோட்டோ."

"அவரால நிக்க முடியாது அண்ணா."

"எப்ப நிப்பார்னு சொல்லுங்க, அப்ப வரேன்."

"நின்னா நாங்க ஏன் அண்ணா சக்கர நாற்காலி வாங்கறோம்?"

வேன்காரர் தலையைச் சொறிந்தார். கெட்டவர் இல்லை. அவர் ஃபோன்தான் கெட்டது. ஃபோட்டோ இல்லாமல் அது அடுத்த வீட்டுக்குப் போக விடாதாம். நாற்காலியை மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே செய்தி வந்தது: "முதல் முயற்சி தோல்வி. காரணம்: பெறுநர் பொருளை வரவேற்க எழுந்திருக்கவில்லை."

டிரைவர் அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அட, நிக்கணும் அவ்வளவுதானே? நாளைக்கு நிக்க வச்சுடுவோம்" என்றாள் என் மனைவி.

மறுநாள் வேன் வந்தபோது டிரைவரை வாசல் நிலையில் சாய்த்து நிறுத்தினோம். ஒரு பக்கம் நான் பிடித்தேன், இன்னொரு பக்கம் அவர் மகள். என் மனைவி அவருக்குப் பின்னால் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு இடுப்பைத் தாங்கினாள். முகம் மட்டும் படத்தில் விழுகிற மாதிரி ஏற்பாடு. வேன்காரர் ஒரு படம் எடுத்தார். ஃபோன் சிவப்பாக மின்னியது.

"சிரிக்கச் சொல்லுது சார்."

டிரைவருக்கு நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பல்லைக் காட்டினார். மறுபடி சிவப்பு.

"மகிழ்ச்சி போதலையாம்."

"யோவ், இன்னும் எவ்வளவுய்யா சிரிக்கணும்?" என்று போர்வைக்குள்ளிருந்து என் மனைவி கத்தினாள். வேன்காரர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். டிரைவருக்குக் கை நழுவியது. எல்லோருமாகச் சேர்ந்து கீழே உட்கார்ந்தோம். உட்கார்ந்த நிலையில் எடுத்த படத்தையும் ஃபோன் ஒத்துக்கொள்ளவில்லை. "இரண்டாம் முயற்சி தோல்வி. காரணம்: பெறுநர் மகிழ்ச்சியாக இல்லை."

நான் நேராக நம்பிக்கையிடம் போனேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத்தான். பல்வலிக்காரர்கள் ஒரு நாள் தாங்களாகவே வரிசையில் நிற்கட்டும்.

"சார், நாளைக்கு அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். அந்த நாற்காலி இல்லைன்னா அவ அப்பா வரமாட்டேங்கறார். மனசு வைங்க."

நம்பிக்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியதுபோல்கூட எனக்குத் தெரிந்தது.

"எனக்கும் ரெண்டு பொண்ணு சார். என் மனசு என்ன பாடுபடுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா மனசை வச்சு நிலையம் நடத்த முடியாது. போன வருஷம் நாங்க ஒரு பொருளைக்கூடத் தப்பான ஆள்கிட்ட குடுக்கலை. தெரியுமா?"

"சரியான ஆள்கிட்ட எத்தனை குடுத்தீங்க?"

"அதை யாரும் எங்ககிட்ட கேக்கறதில்லை" என்றார் உண்மையிலேயே யோசித்தபடி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. பெறுநர் நேர்ல இங்க வந்துட்டா ஃபோட்டோ வேணாம், சிரிப்பு வேணாம். அடையாள அட்டையைக் காட்டினாப் போதும். காலையில கூட்டிட்டு வாங்க. நானே என் கையால குடுக்கறேன்."

டிரைவரிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். ஆனால் அவர், "சரி தம்பி" என்றார். "பார்சல் ஆபீஸ்ல மூட்டையா இருந்தாப் பரவாயில்லை. அங்க எல்லாரும் மூட்டைதானே."

வெள்ளிக்கிழமை காலை அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரித் தயாராக இருந்தார். மகள் கல்யாணப் புடவையிலேயே வந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு, டாக்சிக்காரர் ஒரு கை கொடுக்க, அவரை ஏற்றிப் போய் நிலையத்தில் இறக்கினோம். உட்கார அங்கே ஒரு பெஞ்ச்கூட இல்லை. பார்சல் எடை போடுகிற மேடைதான் காலியாக இருந்தது. அதன் மேல் உட்கார வைத்தோம். முள் ஆடி நின்றது.

காவலாளி எட்டிப் பார்த்தார். "இவரை எங்க அனுப்பணும் சார்?"

"கல்யாணத்துக்கு" என்றார் டிரைவர்.

நம்பிக்கை ஓடிவந்தார். அடையாள அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. ரொம்ப சந்தோஷம். நாற்காலியைக் கொண்டாங்கப்பா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். "நாற்காலி இல்லை சார். மூணாவது முயற்சிக்கு வேன்ல போயிருக்கு."

"எங்க போயிருக்கு?" என்று நான் கேட்டேன்.

"இவர் வீட்டுக்குத்தான். காலையில முதல் வேலையா அனுப்பிட்டோம். எங்க ஆளுங்க சோம்பேறிங்க இல்லை சார்."

அந்த நேரம் நம்பிக்கையின் ஃபோன் அடித்தது. வேன்காரர். குரல் வெளியே கேட்டது. "சார், வீடு பூட்டியிருக்கு. யாரும் இல்லை."

"மூணு தடவை ஆச்சா? ரிட்டர்ன் போட்டுடு" என்றார் நம்பிக்கை.

"சார், நாங்க இங்க இருக்கோம்!" என்று அந்தப் பெண் அலறினாள். "எங்கப்பா உங்க கண் முன்னாடி உக்காந்திருக்கார்!"

"அதாம்மா நானும் சொல்றேன். நீங்க இங்க இருக்கறதாலதானே அங்க இல்லை. பூட்டின வீட்டுக்கு எப்படிம்மா பொருளைக் குடுக்கறது?" நம்பிக்கை எல்லோரையும் பார்த்துக் கையை விரித்தார். "ரிட்டர்ன்னு அழுத்திட்டா அதை மாத்த என்னால மட்டும் இல்லை, எனக்கு மேல இருக்கறவராலயும் ஆகாது. விற்பனை ரத்து. பணம் தானா உங்களுக்குத் திரும்பி வந்துடும். வேற ஏலத்துல கலந்துக்கங்க."

அவள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். புடவை கசங்குகிறதே என்று அவர் அதை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். வேறு எதுவும் அவருக்குச் செய்யத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நம்பிக்கையின் நான்கு பேனாவையும் பிடுங்கி எறியலாம்போல் இருந்தது.

"ரிட்டர்ன் ஆன நாற்காலி இப்ப எங்க போகும்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அனுப்பினவருக்கு. அதுல நாங்க புலி சார்" என்றார் நம்பிக்கை பெருமையாக. "திரும்பி வர்ற பொருள் ஒரு மணி நேரம் குடோன்ல தங்கினாலும் இந்த நிலையத்தோட பேர் கெட்டுடும். அதனால வேனை உடனே அனுப்பினவர் விலாசத்துக்குத் திருப்பிடுவோம். ஃபோட்டோ கிடையாது, கையெழுத்து கிடையாது, சிரிப்பு கிடையாது. ஆள் இருந்தா என்ன, இல்லைன்னா என்ன? வாசல்ல போட்டுட்டு வந்துட்டே இருப்போம்."

அனுப்பினவர் நான். வேன் நிற்பது என் தெருவில். என் வாசலுக்கு எதிரில்.

சந்தோஷத்தில் எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. நான் சந்தோஷப்படுகிறேன் என்று தெரிந்தால் அதற்கும் ஏதாவது விதி வைத்திருப்பார்கள். முகத்தைத் துக்கம் விசாரிக்க வந்தவன்போல் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"ஐயோ, வித்த பொருள் திரும்பி வருதே" என்றேன்.

"வருத்தப்படாதீங்க சார். வியாபாரம்னா அப்படித்தான்" என்று நம்பிக்கை என் முதுகில் தட்டினார்.

அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "நீ நேரா பதிவு ஆபீசுக்குப் போம்மா. மாப்பிள்ளை காத்துட்டிருப்பார். உங்க முறை வந்தா, பின்னால இருக்கறவங்களை முன்னால விட்டுட்டே இரு. நான் அப்பாவைக் கூட்டிட்டு வரேன்." அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அப்பா தலையசைத்தார். போனாள்.

டாக்சி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது, மற்ற வீட்டுப் பார்சல்களையும் கொடுத்து முடித்த வேன் எங்களைத் தாண்டிப் போனது. வேன்காரர் கையை ஆட்டினார். என் வீட்டு வாசலில் என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் டேப்பும் அட்டையும் பறந்துகொண்டிருந்தன. ஒரு சக்கரம் மாட்டியாகிவிட்டது. இன்னொன்றை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டு நிக்காதீங்க, அந்த நட்டை எடுங்க" என்றாள் என்னைப் பார்த்து. "எத்தனை மாசம் இதுல உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியாதா எதை எங்க மாட்டணும்னு?"

கோணிய தட்டை நான் மிதித்து நிமிர்த்தினேன். டாக்சிக்காரரும் நானும் டிரைவரைத் தூக்கி உட்கார வைத்தோம். பதிவு ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான். பின்னால் பிடித்துத் தள்ளப்போனேன்.

"கையை எடுங்க தம்பி" என்றார்.

சக்கரத்தில் அவர் கை விழுந்ததைப் பார்க்கவேண்டுமே! முதல் பத்தடி கொஞ்சம் தடுமாறினார். பிறகு நான் ஓடவேண்டியிருந்தது. முனையில் திரும்பும்போது வலது கையை நீட்டி சிக்னல் காட்டினார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் மரியாதையாக நின்றுவிட்டார். பதிவு ஆபீசின் சரிவுப் பாதையில் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கியது. அப்போதும் என்னைத் தொடவிடவில்லை.

உள்ளே அந்தப் பெண் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தாள். வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு, இனி விடுவதற்கு ஆள் இல்லாமல். பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். தூக்க வேண்டுமோ, பிடிக்க வேண்டுமோ என்று யாரோ எழுந்தார்கள். டிரைவர் யாரையும் பார்க்காமல், வண்டியை ஸ்டாண்டில் கொண்டு நிறுத்துகிற மாதிரி மேசையை ஒட்டி அளவாக நிறுத்தினார்.

"சாட்சிக் கையெழுத்து எங்க போடணும் சார்?" என்று கேட்டார்.

அவர் போட்டார். நானும் போட்டேன். அந்தப் பெண் கீழே உட்கார்ந்து அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். எனக்கு அழுகை வந்தால் விக்கலும் சேர்ந்து வரும். பதிவாளரே தண்ணீர் கொடுத்தார்.

அப்போது டிரைவரின் சட்டைப் பையில் ஃபோன் டிங்கென்றது. அவர் எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "மதிப்பிற்குரிய பெறுநரே! எங்கள் எல்லா முயற்சிகளுக்குப் பிறகும் உங்கள் சக்கர நாற்காலி உங்களை வந்து சேரவில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்."

இத்தனை நாளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தோள் குலுங்க, நாற்காலி குலுங்கச் சிரித்தார். மகளும் சிரித்தாள். என்ன விஷயம் என்று தெரியாமல் மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். இந்த முகத்தை அந்த வேன்காரரின் ஃபோனுக்குக் காட்டமுடியவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"இவங்களுக்கு ஒரு பதில் போட்டுடட்டுமா அண்ணே? நாற்காலி வந்துடுச்சுன்னு?" என்றேன்.

"ஐயையோ, போட்டுடாதீங்க தம்பி" என்று அவர் பதறி, ஃபோனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எடுத்துட்டுப் போய் திரும்பவும் சரியானபடி கொண்டுவந்து குடுப்பாங்க."